கிணற்றடி இலைக்கறி: எதை எங்கே நடுவது, எப்படிச் சமைப்பது?

கேள்வி: உரும்பிராய் வளவு

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் கொழும்பில் மாடிவீட்டில் இருந்துவிட்டு, கடந்த தை மாதம் யாழ்ப்பாணத்தின் உரும்பிராயில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா இருந்த நாளில் கிணற்றடியைச் சுற்றி வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்திருக்கும். வேலியில் தூதுவளையும் முசுட்டையும் ஏறியிருக்கும். சோற்றுக்கு உலை வைத்த பிறகுதான் அவர் சுளகை எடுத்துக்கொண்டு இலை பிடுங்கப் போவார். அந்த இலைக்கறியின் சுவை இன்னமும் என் நாவில் நிற்கிறது. அதை என் பிள்ளைகளும் அறிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது வளவில் எஞ்சியிருப்பவை கோடிப்புறத்தில் ஒரு முருங்கையும், குசினி வாசலில் இலையெல்லாம் அரிக்கப்பட்ட ஒரு கறிவேப்பிலைக் கன்றும் மட்டுமே. சந்தையில் வேரோடு வாங்கிய வல்லாரையை, முற்றத்தில் நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்துப் பாத்தி கட்டி நட்டேன். பங்குனி வெயிலில் பாதி கருகிவிட்டது. மிஞ்சியதும் சிறுத்து, தடித்து, வாயில் வைக்க முடியாத கசப்பாக இருக்கிறது. சமையலும் கைகூடவில்லை. கொழும்பில் வறை (தேங்காய்ப்பூ சேர்த்து வறுக்கும் இலைக்கறி) கறுத்துப்போனால், லொறியிலும் குளிர்சாதனப் பெட்டியிலுமாக நாட்கணக்கில் கிடந்த இலை என்று காரணம் சொல்லிக்கொள்வேன். இங்கே மரத்திலிருந்து அப்போதே ஒடித்த முருங்கையிலையும் என் தாச்சியில் கறுத்து, நீர்விட்டு, களி போல ஆகிவிடுகிறது. எதை எங்கே நட வேண்டும், இலையின் பச்சையும் மணமும் கெடாமல் எப்படிச் சமைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: கோப்பாய்த் தோட்டக்காரன்

பிள்ளைக்கு வணக்கம். வல்லாரையை வெயிலில் நட்டதுதான் பிழை. அது வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரத்தோடு வளருகின்ற பூண்டு. எங்கள் செம்மண்ணோ தண்ணீரைப் பிடித்து வைக்காது. காலையில் ஊற்றியது மத்தியானத்துக்குள் கீழே இறங்கிவிடும். ஆகையால் கிணற்றடி வாழையின் கீழ், காலை வெயில் மட்டும் சற்றே விழும் இடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மண்ணைக் கொத்தி, நன்றாக மக்கிய மாட்டெருவைத் தாராளமாகக் கலந்து விடுங்கள். வல்லாரைக் கொடி ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும். வேர்விட்ட கணுக்களைத் தனித்தனியாக வெட்டி ஒரு சாண் இடைவெளியில் நட்டு, மேலே வாழைச்சருகைப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். இலை முற்றினால் கசப்பும் கூடும்; ஆகவே வாரந்தோறும் அரிந்துகொண்டே இருங்கள். அரிய அரியத்தான் தளிர் வரும்.

கிணற்றடி என்றவுடன் குளிக்கும் தண்ணீரையும் உடுப்புத் தோய்க்கும் தண்ணீரையும் அந்தப் பாத்திக்கு விடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வல்லாரை பச்சையாக உண்ணும் இலை. சவர்க்காரத் தண்ணீர் பாத்தியைவிட்டுத் தள்ளி நிற்கும் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். இலைப் பாத்திக்குக் கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூவாளியால் தெளித்தால் போதும். மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோகிற பழக்கம் இப்போது எங்கும் உள்ளது. அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதே எங்கள் நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலே ஏறிவரும். அதன் பிறகு இலைக்கறித் தோட்டம் பற்றிப் பேச இடமே இருக்காது.

அந்த நன்னீர் கெடாமல் இருக்க யூரியாவையும் கிணற்றடிக்குக் கொண்டுவர வேண்டாம். செறிவாகப் பயிர் செய்யும் எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றில், உரத்திலிருந்து நீரில் இறங்கும் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதாக ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வீட்டுக்கு வேண்டிய நான்கு பிடி இலைக்கு ஆட்டெருவும் மாட்டெருவும் தாராளமாகப் போதும்.

பொன்னாங்காணிக்குத் தண்டை ஒடித்து ஊன்றினாலே போதும். தூதுவளையில் முள் இருப்பதால், பிள்ளைகள் ஓடித்திரியாத பக்கத்து வேலியில் ஏற்றுங்கள். முருங்கையை மட்டும் உயர வளர விடாதீர்கள். காய் முடிந்ததும் நெஞ்சளவு உயரத்தில் வெட்டிவிட்டால், கைக்கு எட்டும் உயரத்தில் தளிர்க்கும். வெட்டிய கொப்பில் கைப்பருமன் உள்ளதாக மூன்று நான்கடித் துண்டு ஒன்றை மாரிக்கு முன் நட்டுவையுங்கள். மாரியில் மயிர்க்கொட்டிப் புழு முருங்கையின் அடிமரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும். இலை ஒடிக்கக் கை வைக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: மானிப்பாய் அக்கா

தோட்டத்தை ஐயா விளக்கிவிட்டார். நான் தாச்சியிலிருந்து தொடங்குகிறேன், தங்கச்சி. உங்கள் வறை களியாவதற்குக் காரணம் இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீர் என்றே நினைக்கிறேன். இலையை அரிந்த பிறகு கழுவுகிறீர்களா? அரிவதற்கு முன் முழு இலையாக மூன்று தண்ணீரில் அலசி, உதறி, சுளகில் பரப்பி, ஈரம் காயும் வரை வைத்திருங்கள். அதற்குள் தேங்காயைத் திருவி, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் வெட்டி முடித்துவிடலாம். தாச்சியில் கடுகு வெடித்து, வெங்காயம் வதங்கிய பின் இலையைப் போட்டு, பெரு நெருப்பில் கைவிடாமல் கிளறுங்கள். இலை சுருண்டதும் தேங்காய்ப்பூவும் உப்பும் மஞ்சளும் சேர்த்து, இரண்டு பிரட்டல் பிரட்டி இறக்கிவிட வேண்டும். மூடவே கூடாது.

மூடக் கூடாது என்று என் மாமி சொன்னபோது அது வெறும் பழக்கம் என்று எண்ணியிருந்தேன். பின்னர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்தபோதுதான் காரணம் விளங்கியது. இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் மகனீசியம் உள்ளது. சூட்டில் புளிப்புப் பட்டால் அந்த மகனீசியம் விலகிவிடும். பச்சை, கருமஞ்சளாக மங்கிவிடும். இலைக்குள்ளேயே இயற்கையான அமிலங்கள் உள்ளன. திறந்து வைத்தால் அவற்றில் ஆவியாகக் கூடியவை வெளியேறிவிடும். மூடினால் மூடியில் பட்டுத் திரும்பவும் இலையிலேயே சொட்டும். தேசிக்காய்ப் புளியை இறக்கி ஆறிய பிறகு விடுவதும் இதனால்தான். அந்தப் புளியில் உள்ள உயிர்ச்சத்து சி, இலையின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவும். தேங்காயின் கொழுப்பு, இலையில் உள்ள கரோட்டீனை உடலில் சேர வைக்கும். எங்கள் ஆச்சிமார் இலைக்குத் தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்ததில் ருசியும் இருந்தது, பயனும் இருந்தது.

வல்லாரைக்கு நெருப்பே வேண்டாம். சம்பல் போடுங்கள். இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, நூல் போல அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவற்றோடு விரல் நுனியால் பிசறுங்கள். கசக்கினால் கசப்பு இறங்கும். உப்பையும் புளியையும் எல்லாரும் சாப்பாட்டுக்கு இருந்த பின்னர் சேருங்கள், ஏனெனில் உப்பு பட்டவுடன் இலை நீர்விடத் தொடங்கும். குத்தரிசிச் சோறும், மஞ்சள் மணக்கும் மீன் சொதியும், பக்கத்தில் ஒரு பிடி வல்லாரைச் சம்பலும் இருந்தால் எனக்கு வேறு கறி தேவையில்லை.

பதில்: சந்தைக்குப் போகிறவர்

மேலே சொன்ன இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். எனினும் எல்லா இலையையும் வீட்டிலேயே வளர்க்க வேண்டும் என்று இவர் தன்னை வருத்திக்கொள்ளத் தேவையில்லை. மருதனார்மடம், திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளுக்கு விடியற்காலையில் போனால், தம் வளவில் பிடுங்கிய குறிஞ்சா, முசுட்டை, தூதுவளை ஆகியவற்றைச் சிறு பிடிகளாகக் கட்டி வைத்திருக்கும் அம்மாமாரைக் காணலாம். கட்டின் மேற்பக்கத்தைப் பார்க்காதீர்கள். அதற்குத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். திருப்பி, தண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். அது ஈரமாகவும் பச்சையாகவும் இருந்தால் அன்றைய இலை. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் முதல் நாளையது.

முருங்கையிலையைப் பொறுத்தவரை அக்காவோடு சிறிது மாறுபடுகிறேன். இளந்தளிருக்கு அவர் முறை மிகச் சரி. முற்றிய இலைக்கு அப்படிச் செய்தால் வாயில் சருகு போல நிற்கும். ஒரு கை தண்ணீர் தெளித்துச் சில நிமிடம் அவியவிட்ட பின்னரே தேங்காய்ப்பூ சேர்க்க வேண்டும். சுறா வறையில் சேர்ப்பதற்கும் அந்த முற்றிய இலையே தாக்குப்பிடிக்கும்.

பதில்: உரும்பிராய் வளவு

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. அக்கா கேட்டது சரியே; நான் அரிந்த பிறகுதான் கழுவி வந்தேன், மூடியும் போட்டேன். இன்று காலை இலையைச் சுளகில் காயவிட்டு, தாச்சியை மூடாமல் வறுத்தேன். வறை உதிரியாக, பச்சையாக வந்தது. இலைக்கறி என்றால் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளிவிடும் சின்னவன், இரண்டாவது தரமும் கேட்டு வாங்கினான். அம்மாவின் வறையில் இருந்த இனிப்பு என் கையிலும் வந்ததைக் கண்டு சற்று நேரம் பேச முடியாமல் இருந்தேன். வல்லாரையை நாளை வாழையடிக்கு மாற்றப்போகிறேன். கறிவேப்பிலையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. அதற்கு மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: கோப்பாய்த் தோட்டக்காரன்

மருந்து வேண்டாம், பிள்ளை. ஓட்டை போடுவது பெரும்பாலும் வண்ணத்திப் பூச்சியின் புழுவே. தேசிமரத்திலும் இதே புழு இருக்கும். குஞ்சாக இருக்கும்போது குருவி எச்சம் போலத் தோன்றும், வளர்ந்ததும் இலையின் பச்சைக்கு மாறிவிடும். ஆகவே காலையில் இலையின் இரு பக்கமும் பார்த்துக் கையால் எடுத்துவிடுங்கள். சமையலுக்கு எடுக்கும்போது ஈர்க்கை மட்டும் உருவாமல், கொப்பின் நுனியையே கிள்ளி எடுங்கள். கிள்ளிய இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். இந்த ஆண்டு பூ வந்தால் ஒடித்துவிடுங்கள், கன்று இலை வைக்கட்டும். பின்னாளில் விதை போட விரும்பினால், கறுத்துப் பழுத்த பழத்தின் தோலை நீக்கி உடனேயே ஊன்ற வேண்டும். காயவைத்துப் போத்தலில் போட்டு வைத்த விதை முளைக்காது. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றால், என் வளவு மரத்தின் அடியில் வேர்க்கன்றுகள் நிறைய நிற்கின்றன. மாரி தொடங்கியதும் வேர் அறாமல் இரண்டு கிளப்பித் தருகிறேன். ஒரு பழைய கடகத்தோடு வாருங்கள்.