எலும்பு மஜ்ஜைத் தரவில் தனியாக நிற்கும் ஒரு கொத்து: இது ஸ்டெம் செல்தானா?

மீனாள், பள்ளத்தூர்:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் உயிர்த்தகவலியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல் வளர்க்கும் ஆய்வகம் எனக்குக் கிடையாது. மடிக்கணினி மட்டுமே உண்டு. ஆகையால், ஆய்வாளர்கள் மரபணு அளவீடுகளைச் சேமித்துவைக்கும் ஜியோ என்ற இணையத் தரவுக் கிடங்கில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ள எலியின் எலும்பு மஜ்ஜைத் தரவு ஒன்றை இறக்கி, ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். துளிக்கு ஒரு செல் என்று அடைக்கும் துளி முறையில் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. (மரபணு செயல்படும்போது எடுக்கப்படும் நகல்) எவ்வளவு என்று எண்ணிய அட்டவணை அது. ஏறத்தாழ 6,000 செல்கள்.

ஸ்கேன்பை மென்பொருளில் பிரித்துப் பார்த்தபோது, சிவப்பணுக் கூட்டத்துக்கும், வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் கூட்டத்துக்கும் நடுவே 140 செல்கள் தனிக் கொத்தாக நிற்கின்றன. அவற்றில் ஹீமோகுளோபின் மரபணுக்களும் மிகுதியாக உள்ளன, நியூட்ரோஃபிலுக்கு உரிய எஸ்100ஏ8 மரபணுவும் மிகுதியாக உள்ளது. இந்த இரு வகையாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல், அதாவது மற்ற இரத்தச் செல்களை உண்டாக்கும் மூலச் செல், இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஸ்டெம் செல்லின் அடையாளமான கிட் மரபணு பெரும்பாலான செல்களில் பூஜ்யமாக இருக்கிறது. இதைப் "புதிய முன்னோடிச் செல்" (இன்னும் முதிராத செல்) என்று எழுதலாமா? அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும்.

வள்ளியம்மை, காரைக்குடி:

மீனாள், இப்போதைக்கு அப்படி எழுத வேண்டாம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஒரே துளிக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு செல்களாக இருக்கும். துளிக் கருவிகளில் ஆயிரம் செல் பிடித்தால் ஏறத்தாழ 0.8 விழுக்காடு இரட்டைகள் வரும். செல்கள் கூடக் கூட அந்த விகிதமும் கூடும். 6,000 செல்லுக்கு நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் 300 இரட்டைகள். உங்கள் 140 அதற்குள் தாராளமாக அடங்கிவிடும்.

முன்னோடிச் செல்கள் பல செல் வகைகளின் மரபணுக்களையும் சிறிதளவு வெளிப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவு தாழ்ந்திருக்கும். முதிர்ந்த சிவப்பணுவுக்கும் முதிர்ந்த நியூட்ரோஃபிலுக்கும் உரிய அளவு ஒரே செல்லில் சேர்ந்து வருமானால் முதலில் ஐயப்பட வேண்டும். வெடித்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் ஆர்.என்.ஏ. கரைசலில் மிதந்து எல்லாத் துளிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் புகுந்துவிடுவதும் உண்டு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எலியின் மஜ்ஜையில் நீண்டகால இரத்த ஸ்டெம் செல் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்கூட அரிது. முன்கூட்டியே பிரித்தெடுக்காத 6,000 செல்களில் அது ஒன்றே ஒன்று இருந்தாலும் அதிகம். 140 எப்படி இருக்க முடியும்?

இரட்டைகளைக் கண்டுபிடிக்கும் ஸ்க்ரப்லெட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அது உங்கள் தரவிலிருந்தே இரண்டிரண்டு செல்களைக் கூட்டிப் போலி இரட்டைகளைச் செய்து, உண்மையான செல்களில் எவை அவற்றுக்கு அருகில் விழுகின்றன என்று பார்க்கும். ஒவ்வொரு கொத்திலும் ஒரு செல்லுக்கு மொத்தம் எத்தனை ஆர்.என்.ஏ. எண்ணப்பட்டுள்ளது என்பதையும் ஒப்பிடுங்கள்.

சொக்கலிங்கம், தேவகோட்டை:

ஆத்தா மீனாள், நான் உயிரியல் படித்தவன் அல்லன். புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பூஜ்யத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் ஐயா ரங்கூன் கடையில் எழுதிய பேரேடு ஒன்று வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. ஒருவர் பெயருக்கு எதிரே ஒரு மாதம் முழுவதும் வெறுமையாக இருந்தால், அவர் கொடுக்கல் வாங்கல் செய்யவில்லை என்றும் கொள்ளலாம், செய்தது குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏறாமல் விட்டுப்போயிற்று என்றும் கொள்ளலாம். உன் அட்டவணையும் அப்படித்தான். செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ.வில் ஒரு பகுதிதான் பிடிபடுகிறது. ஆகையால் ஒரு செல்லின் பூஜ்யத்தை நம்பாதே. 140 செல்களையும் கூட்டி ஐந்தொகை பார். அப்போதும் கிட் வரவில்லையென்றால் அது விட்டுப்போனது அன்று, இல்லாதது. வள்ளியம்மை சொல்லும் இரட்டைச் செல், இரண்டு பேருடைய பற்றுவரவை ஒரே பெயரில் ஏற்றிவிட்டதைப் போன்றது; அங்கே தொகை இரு மடங்காக நிற்பதே காட்டிக்கொடுத்துவிடும்.

அழகப்பன், கோனாபட்டு:

தங்கை, மடிக்கணினி மட்டுமே இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஜப்பானிய அறிவியலாளர் யமனாகாவின் குழுவினர் கருநிலை ஸ்டெம் செல்லுக்கே உரிய மரபணுக்களைத் தேடத் தொடங்கியது எலியின் மரபணு வரிசைத் தரவுத்தளங்களைக் கணினியில் ஒப்பிட்டுத்தான். 2003இல் அறியப்பட்ட நானோக் என்ற மரபணு அப்படிக் கிடைத்ததே. பிறகு 24 மரபணுக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றாக விலக்கிச் சோதித்து, 2006இல் ஆக்ட்4, சாக்ஸ்2, கே.எல்.எஃப்.4, சி-மிக் என்ற நான்கே தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பப் போதும் என்று காட்டினார்கள். அந்த நான்கில் நானோக் இல்லை! பட்டியலைக் கணினி தந்தது; எது தேவை, எது தேவையில்லை என்பதை ஆய்வகத்தின் செல் வளர்ப்புத் தட்டுதான் சொன்னது.

இரத்த ஸ்டெம் செல்லுக்கும் இதுவே பொருந்தும். 1961இல் டில், மெக்கல்லோக் என்ற கனடா அறிவியலாளர்கள் இருவரும் கதிர்வீச்சுக்கு உட்பட்ட எலிகளுக்கு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தி, அவை பெருகியதால் மண்ணீரலில் எழும்பிய மேடுகளை எண்ணினார்கள். தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மற்ற இரத்தச் செல்களையும் உண்டாக்குவதே ஸ்டெம் செல். அது ஒரு செயல். மரபணுப் பட்டியலை வைத்து "இருக்கலாம்" என்று எழுதலாமே தவிர "ஆகும்" என்று எழுத முடியாது.

மீனாள், பள்ளத்தூர்:

வள்ளியம்மை அக்கா, சொக்கலிங்கம் ஐயா, அழகப்பன் அண்ணன், மூவருக்கும் நன்றி. 140இல் 131 செல்களை ஸ்க்ரப்லெட் இரட்டை என்று குறித்துவிட்டது. மொத்த எண்ணிக்கையும் பக்கத்துக் கொத்துகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். கிட் அநேகமாக இல்லை. எஞ்சிய ஒன்பது செல்களை நியூட்ரோஃபில் கொத்தோடு சேர்த்துவிட்டேன்.

ஆய்வேட்டின் தலைப்பை மாற்ற வழிகாட்டியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிட் உள்ள செல்களை மட்டும் பிரித்தெடுத்து அளந்த தரவு ஒன்றை நேற்றிரவு இறக்கத் தொடங்கினேன். மின்சாரம் போய்ப் பாதியில் நின்றது. இப்போது மறுபடியும் இறங்கிக்கொண்டிருக்கிறது.