லைக்கா எம்9 கேமராவுக்கு அகலக்கோண லென்ஸ்: 28 மி.மீ. போதுமா, 21 மி.மீ. வரை போக வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வசிக்கும் நான், பயன்படுத்தப்பட்ட லைக்கா எம்9 ஒன்றை வாங்கி, 35 மி.மீ., 50 மி.மீ. ஆகிய இரண்டு லென்ஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு படமெடுத்து வருகிறேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடுகளின் முன்னே கூரைக்கடியில் நீளும் குறுகிய நடைபாதைகளிலும், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நடைபெறும் திருமணங்களிலும் பின்னால் நகர இடமே இருப்பதில்லை, 35 மி.மீ. கொடுக்கும் பரப்பு அங்கே பற்றவில்லை.

மூன்று லென்ஸ்களுக்கு இடையே மனம் ஊசலாடுகிறது. லைக்காவின் எல்மாரிட் 28 எஃப் 2.8 ஆஸ்ஃபெரிக்கல், ஸைஸ் பயோகான் 25 எஃப் 2.8, ஃபோக்ட்லெண்டர் கலர்-ஸ்கோபார் 21 எஃப் 4 ஆகியவையே அவை (எஃப் எண் என்பது ஒளி நுழையும் துளையின், அதாவது அப்பர்ச்சரின் அளவு; எண் குறைந்தால் ஒளி கூடும்). கடைசியாகச் சொன்னது விலையிலும் எடையிலும் ஈர்க்கிறது. ஆனால் அதை எம்9-இல் பொருத்தினால் படத்தின் ஓரம் சிவக்கும் என்கிறார்கள். லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணாடியால் திருப்பிக் காட்டும் எஸ்எல்ஆர் வைத்திருந்த காலத்தில் கூர்மை அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்தே லென்ஸ் வாங்குவேன். லென்ஸ் வழியே பார்க்காமல் தனிச் சாளரத்தில் பார்த்து ஃபோகஸ் செய்யும் எம்9 போன்ற ரேஞ்ச்ஃபைண்டருக்கும் அதே வழி சரிவருமா? நான் மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதையும் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1

கூர்மை அட்டவணையை இப்போதைக்கு மூடி வைத்துவிடலாம். நீங்கள் சொன்ன மூன்றும் எஃப் 5.6-இல் உங்கள் கேமராவின் 18 மெகாபிக்சலுக்குப் போதுமான கூர்மை உடையவையே. டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரில் அகலக்கோண லென்ஸைத் தீர்மானிப்பது, அதன் பின்பக்கக் கண்ணாடியிலிருந்து ஒளி எவ்வளவு சாய்ந்து சென்சாரை அடைகிறது என்பதுதான்.

எஸ்எல்ஆரில் நடுவே கண்ணாடி மேலெழுந்து இறங்க இடம் வேண்டியிருப்பதால், அகலக்கோண லென்ஸின் பின்பகுதியைத் தொலைவில் நிறுத்தியே வடிவமைக்க வேண்டும். லைக்கா எம் வரிசையின் லென்ஸ் பொருத்தும் அமைப்பான எம் மவுண்டிலோ அந்தக் கண்ணாடி கிடையாது. லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் தளம் வரை 27.8 மி.மீ. மட்டுமே. ஆகவே 1950-களின் பயோகான் தொடங்கி, பின்பகுதி ஃபிலிமைத் தொட்டுவிடும் அளவுக்கு உள்ளே நீளும், ஏறத்தாழச் சமச்சீரான வடிவமைப்புகள் இங்கே செழித்தன. சிறிய உருவமும், நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் ஒழுங்கும் அவற்றின் பெருமைகள். ஓரங்களில் ஒளி மிகவும் சாய்ந்து விழுந்தாலும் ஃபிலிம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

சென்சார் அப்படியன்று. ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு வண்ண வடிகட்டியும் ஒரு நுண்லென்ஸும் இருக்கின்றன. அவற்றுக்கும் மேலே அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஒரு கண்ணாடித் தகடு. சாய்ந்து வரும் ஒளி, தனக்கு உரிய பிக்சலில் முழுமையாக விழாமல் ஒரு பகுதியை இழக்கிறது அல்லது பக்கத்துப் பிக்சலுக்குக் கசிகிறது. ஓரம் இருள்வதும், அங்கே நிறம் பிறழ்வதும் இதனால்தான். லைக்கா நிறுவனம் ஓரத்து நுண்லென்ஸ்களை மையத்தை நோக்கிச் சற்று நகர்த்தி அமைத்தும், தடுப்புக் கண்ணாடியை மெல்லியதாக்கியும் இதைக் குறைத்தது. எஞ்சிய பிறழ்வைக் கேமராவின் மென்பொருள் திருத்துகிறது. எந்த லென்ஸ் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை அதற்குத் தெரிவிப்பது, 2006-இல் லைக்காவின் எம்8 கேமராவுடன் அறிமுகமான, லென்ஸின் வளையத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக உள்ள ஆறு பிட் குறியீடு.

இந்தப் பின்னணியில் உங்கள் மூன்றையும் பாருங்கள். எல்மாரிட் 28 ஆஸ்ஃபெரிக்கல் வெளிவந்ததே 2006-இல், எம்8 உடன்தான். 180 கிராம் எடை, 39 மி.மீ. ஃபில்டர், குறியீடும் உண்டு. எம்9-இல் இதைப் பொருத்திவிட்டு ஓரத்து நிறத்தைப் பற்றி மறந்துவிடலாம். ஸைஸ் 25-இல் சிறிது நிறமாற்றம் எட்டிப் பார்த்தாலும் சமாளிக்கக்கூடிய அளவே. கலர்-ஸ்கோபார் 21 எஃப் 4 பழைய சமச்சீர் மரபைச் சேர்ந்தது என்பதால் இடது ஓரம் சிவப்பதை நீங்கள் உறுதியாகப் பார்ப்பீர்கள். இதைவிடவும் அதிகமாக நிறம் பிறழ்வது ஸைஸ் சி-பயோகான் 21 எஃப் 4.5. கட்டடங்களை எடுப்பதற்கு அதைப்போல் கோடு பிசகாத லென்ஸ் அரிது என்றாலும், உங்கள் கேமராவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 2012-இல் வந்த, கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுக்கும் எம் மோனோக்ரோமில் வண்ண வடிகட்டியே இல்லாததால், அந்தக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதே லென்ஸ் விருந்து.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். எனினும் மூக்குக்கண்ணாடி அணிபவருக்குச் சென்சாரைவிட வியூஃபைண்டர்தான் முதல் கேள்வி என்பது என் கருத்து.

எம்9-இன் வியூஃபைண்டர் காட்சியை 0.68 மடங்காகச் சுருக்கிக் காட்டுகிறது. அதில், ஒவ்வொரு லென்ஸும் பிடிக்கும் பரப்பைக் காட்டும் சட்டக்கோடுகளில் மிகவும் அகலமானது 28 மி.மீ.க்கு உரியது; அது வியூஃபைண்டரின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. கண்ணை நெருக்கமாக வைத்தால்தான் நான்கு பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். மூக்குக்கண்ணாடி அணிந்து பார்க்கும்போது ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் மறைகிறது; கண்ணைச் சற்றே உருட்டித்தான் விளிம்புகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பழகிவிட்டது. பழக விரும்பாத நண்பர்கள், பார்வைக் குறைபாட்டைத் திருத்தும் சிறு லென்ஸ் ஒன்றை வியூஃபைண்டரில் திருகிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படமெடுக்கிறார்கள். சிதறல் பார்வை (ஆஸ்டிக்மாட்டிசம்) அதிகம் உள்ளவர்களுக்கு இந்த வழி உதவாது.

25 மி.மீ.க்குச் சட்டக்கோடு கிடையாது. வியூஃபைண்டரில் தெரியும் முழுப் பரப்பும் தோராயமாக அதன் பரப்புதான் என்று வைத்துக்கொண்டு பலர் படமெடுக்கிறார்கள்; ஆனால் மூக்குக்கண்ணாடியோடு அந்த முழுப் பரப்பு கண்ணுக்கு எட்டவே எட்டாது. எனவே 25-க்கும் 21-க்கும் கேமராவின் தலைமேல் தனி வியூஃபைண்டர் ஒன்றைச் செருகியாக வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை மேலே நகர்த்திச் சட்டகம் அமைப்பது என்னும் இரட்டை வேலையை எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தனி வியூஃபைண்டரில் காட்சி பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு 28-இன் உள் சட்டக்கோட்டைவிட 21-இன் வெளி வியூஃபைண்டர் வசதியானது என்றுகூடச் சொல்வேன். லென்ஸுக்கு மேலே, தள்ளி அமர்ந்திருப்பதால் ஒரு மீட்டருக்குள் உள்ள பொருள்களின் சட்டகம் மட்டும் பிசகும்.

பின்னர் வந்த லைக்கா எம் டைப் 240 கேமராவில் திரையிலேயே நேரடிக் காட்சி உண்டு. மின்னணு வியூஃபைண்டரும் செருகலாம். அது கைக்கு வந்தால் இந்தச் சிக்கல்கள் பாதி கரைந்துவிடும். எம்9-இல் இவை இரண்டுமே இல்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஸைஸ் 25-ஐப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். தனி வியூஃபைண்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால் 21-க்கே வாங்கிவிடலாமே என்று தோன்றுகிறது. எஃப் 4 என்பது மாலை நேரத்துக் கீழ்த்தள வெளிச்சத்துக்குப் போதுமா? சிவக்கும் ஓரத்தைக் கணினியில் நேராக்க முடியுமா? இந்த இரண்டில்தான் இனி ஐயம்.

மறுமொழி 3

திருமணத்துக்கும் நடைபாதைக்கும் ஒரே லென்ஸைத் தேடுவதால்தான் குழப்பம் நீடிக்கிறது என்று நினைக்கிறேன்.

நடைபாதையில் 21 நன்றாகவே உழைக்கும். மூலைவிட்ட அளவில் 28 மி.மீ. ஏறத்தாழ 75 பாகை பார்க்கிறது, 21 மி.மீ. 92 பாகை வரை விரிகிறது. எஃப் 8-இல் ஃபோகஸ் வளையத்தை 1.9 மீட்டருக்கு அருகில் வைத்துவிட்டால், வழக்கமான ஃபிலிம் காலத்துக் கணக்குப்படி ஒரு மீட்டருக்குச் சற்று முன்பிருந்து முடிவிலி வரை தெளிவாக இருக்கும். பிறகு ரேஞ்ச்ஃபைண்டரைப் பார்க்கவே தேவையில்லை, மறுமொழி 2 சொன்ன இரட்டை வேலையும் இல்லை. அந்தக் கணக்கு டிஜிட்டலுக்குச் சற்றுத் தாராளமானது என்பதால், பெரிதாக அச்சிடும் எண்ணம் இருந்தால் ஒரு படி மேலே எஃப் 11-க்குப் போய்விடுங்கள். பகலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத இடத்தில் எஃப் 4 ஒரு தடையே அன்று.

திருமணம் வேறு கதை. மாலையில், குழல்விளக்கின் கீழ், ஆட்கள் அசைந்துகொண்டிருக்கும் இடத்தில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1250-க்கு மேல் போகத் தயங்கும், சிசிடி என்னும் பழைய வகைச் சென்சாருக்கு எஃப் 4 கஞ்சத்தனம். எம்9 எண்ணளவில் 2500 வரை ஏறினாலும், அங்கே நிழல்களில் புள்ளிகள் கொட்டும். எஃப் 2.8 ஒரு முழு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, ஒளி தருகிறது. அதைவிட முக்கியமானது முகங்கள்: 21-இல் சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுவிடும், ஆல்பம் கையில் வந்த பிறகு அதற்கு விளக்கம் சொல்லி மாளாது. குழுப்படத்துக்கு 28-க்கு மேல் அகலம் போவதை நான் தவிர்க்கிறேன்.

சிவப்பு ஓரத்தைப் பொறுத்தவரை, ஆம், திருத்தலாம். எம்9-இன் லென்ஸ் தேர்வுப் பட்டியலில் ஃபோக்ட்லெண்டர் லென்ஸ்கள் இல்லை. ஆனால் லைக்காவின் பழைய எல்மாரிட் 21 எஃப் 2.8-ஐக் கையால் தேர்வு செய்தால், கலர்-ஸ்கோபாரின் பிறழ்வில் பெரும்பகுதி கேமராவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. லென்ஸைக் கழற்றி 35-ஐ மாட்டும்போது அந்தத் தேர்வை மாற்ற மறக்கக்கூடாது. மறந்தால் திருத்தம் எதிர்த்திசையில் வேலை செய்யும். மீதமிருப்பதை நீக்க கார்னர்ஃபிக்ஸ் என்னும் இலவச மென்பொருளும், லைட்ரூம் கிளாசிக்கில் உள்ள ஃபிளாட்-ஃபீல்ட் திருத்தமும் உதவுகின்றன. லென்ஸின் முன்னே வெள்ளை நிற ஒளிபுகும் அக்ரிலிக் துண்டைப் பிடித்து, சீரான வெளிச்சத்தை நோக்கி ஒரு படம் எடுத்து, அதை அளவுகோலாகக் கொடுக்க வேண்டும். பிறழ்வு அப்பர்ச்சருக்கு ஏற்ப மாறுவதால், எஃப் 4-க்கு ஒன்றும் எஃப் 8-க்கு ஒன்றுமாக வைத்துக்கொள்வது நல்லது. டிஎன்ஜி என்னும் பதப்படுத்தாத மூலக் கோப்புகளாக எடுத்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எல்மாரிட் 28-ஐ வாங்குங்கள்.

மறுமொழி 4

எல்மாரிட்டைப் பழையதாக வாங்கினால், 2006-இல் வந்த முதல் பதிப்பும் 2016-இல் திருத்தி வெளியிட்ட பதிப்பும் இரண்டுமே சந்தையில் கிடைக்கும். உங்கள் தேவைக்கு முதல் பதிப்பு தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தைப் பார்வைத் திருத்த லென்ஸுக்கு ஒதுக்குங்கள். வாங்கும் முன் உங்கள் எம்9-ஐக் கடைக்கு எடுத்துச் சென்று, மூக்குக்கண்ணாடியோடு 28-இன் சட்டக்கோட்டைப் பார்த்துவிடுங்கள். வெள்ளைச் சுவர் ஒன்றை எஃப் 2.8-இல் எடுத்து, கேமராவின் திரையில் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிட்டால், குறியீட்டைக் கேமரா சரியாகப் படிக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.