ஒன்பதடி பூல் டேபிள்: கோல்டு கிரவுனா, டயமண்டா?

வணக்கம். ராயபுரத்தில் ஒரு பழைய குடோனை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், நானும் தம்பியும். முதலில் ஒரே ஒரு ஒன்பதடி பூல் டேபிள் போட எண்ணம்; பிரன்ஸ்விக் கம்பெனியின் கோல்டு கிரவுனா, டயமண்ட் கம்பெனி டேபிளா என்பதில்தான் குழப்பம். ஆடுபரப்பு 100க்கு 50 அங்குலம். சுற்றிலும் கியூ (பந்தடிக்கும் கோல்) வீச இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன்.

பிரன்ஸ்விக் கோல்டு கிரவுன் 1961-லிருந்து வருகிற பழைய ஆள். நான் ஆடியவரை குஷனில் (ஓரத்து ரப்பர் விளிம்பில்) பட்ட பந்து நினைத்த கோணத்தில் திரும்பியது, பாக்கெட்டும் கொஞ்சம் தாராளம். டயமண்டில் மூலைப் பாக்கெட் 4.5 அங்குலம்தான், போதாக்குறைக்கு பாக்கெட் வாய் ஆழம் வேறு. குஷனை ஒட்டி வேகமாக அடித்தால் பந்து வாயில் ஆடிவிட்டு அங்கேயே நின்றுவிடும். கேரம் ஆடி வளர்ந்த நம் பையன்களுக்கு வெறுத்துவிடுமோ என்று பயம். தம்பிக்கோ டயமண்ட்தான் வேண்டுமாம்.

அப்புறம், கடல் காற்று. துணி ஈரம் இழுத்தால் பந்து மந்தமாகிறது. ஏசி இல்லாமல் யாராவது சமாளிக்கிறீர்களா? துணிக்கு அடியில் இருக்கும் மூன்று துண்டு ஸ்லேட் கல்லைச் சேர்த்து மட்டம் பார்க்கத் தெரிந்த ஃபிட்டர் வட சென்னைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். முன்பு எங்கள் எட்டடி டேபிளுக்கு வந்தவர் ரசமட்டம்கூடக் கொண்டுவரவில்லை.