புதுப்பிப்பு: மார்ஷலா, வாக்ஸா? முடிவு செய்துவிட்டேன்

அறுபதுகளின் ராக் ஒலிக்கு எந்த கிதார் ஆம்ப் (ஒலிபெருக்கி) நல்லது, மார்ஷல் ஜேடிஎம்45-ஆ, வாக்ஸ் ஏசி30-ஆ என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். இரண்டையும் ஒரே லெஸ் பால் கிதாரில் வாசித்துப் பார்த்தாயிற்று. மார்ஷலைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏசி30 மட்டமில்லை. ஒலியைப் பெருக்க நான்கு இஎல்84 வால்வுகள் (கண்ணாடிக் குழாய்கள்), நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி ஒலியைக் கட்டுப்படுத்தும் சுற்று) கிடையாது. மேல்ஸ்தாயித் தந்திகள் மணி மணியாக ஒலிக்கின்றன. ஆனால் லெஸ் பாலில் உள்ள ஹம்பக்கர் பிக்கப்பில் (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் இரட்டைச் சுருளில்) அழுத்தி மீட்டினால் தாழ்ஸ்தாயித் தந்திகள் குழைந்துவிடுகின்றன.

ஜேடிஎம்45 என்பது ஃபெண்டர் பாஸ்மேன் என்ற ஆம்பின் நகல்தானே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மின்சுற்று ஏறக்குறைய அதேதான். ஆனால் முதல் வால்வு 12ஏஒய்7 அல்ல, இசிசி83. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில், இதில் மூடிய பெட்டிக்குள் 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். அந்த உறுமல் அங்கேதான் பிறக்கிறது.

ஆம்பின் இரண்டு சேனல்களையும் (பிரைட், நார்மல்) சிறு கேபிளால் இணைத்து, பிரைட் வால்யூம் 6, நார்மல் 4 என்று வைத்திருக்கிறேன். கிதாரின் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிகிறது, ஏற்றினால் கரகரக்கிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலே தேவைப்படவில்லை. மாஸ்டர் வால்யூம் (கரகரப்பு குறையாமல் மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) இல்லாததால் சத்தம் சுவரைப் பெயர்க்கிறது (பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைசாலி). ஸ்பீக்கர் பெட்டி 16 ஓம்; அதற்கு ஒத்துவரும் அட்டெனுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துச் சத்தத்தைக் குறைக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.