காற்றடங்கிய தோட்டத்துக்கு எந்த ஜப்பானிய மேப்பிள்? அனுபவங்களைப் பகிருங்கள்

சுற்றிலும் சுவர் இருந்தால் போதும், ஜப்பானிய மேப்பிள் வைத்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். காற்று படாதது நல்லதுதான். இலை மெல்லியது, வறண்ட காற்றில் ஓரம் கருகிவிடும். ஆனால் காற்றை மறைக்கிற அதே சுவர் வெயிலை வாங்கி அனலாகத் திருப்பியும் விடுகிறது. எங்கள் தோட்டத்தில் மேற்குப் பார்த்த சுவரோரம் கோடைப் பிற்பகல் முழுக்கச் சூடு தணியாது. அந்தப் பக்கமே வேண்டாமென்று, காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வெயில் எட்டிப் பார்க்கிற மூலையை மரத்துக்கு ஒதுக்கினேன்.

இடம் முடிவான பிறகுதான் ரகம். வீட்டில் எல்லோருக்கும் 'பிளட்குட்' மீது ஆசை. அதன் இலையின் கருஞ்சிவப்பு நிலைக்க ஓரளவு வெயில் வேண்டும்; நிழல் அதிகமானால் பச்சையோடி மங்கிப்போகும். எங்கள் மூலைக்கு 'ஓசகாசுகி'தான் பொருத்தம் என்று பட்டது. கோடையில் வெறும் பச்சை. இலையுதிர்காலம் வந்ததும் மரம் முழுக்கத் தீப்பற்றியது போலச் சிவக்கிறது, அதுவும் நிழலில் நின்றுகொண்டே! அந்தச் சில வாரங்களுக்காகவே இந்த மரத்தை வளர்க்கலாம்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேர் ஆழமாகப் போகாது. ஈரம் காக்கும், ஆனால் நீர் தேங்காத, லேசான அமிலத்தன்மையுள்ள மண் பிடிக்கும். மரப்பட்டைத் தூளை மூடாக்காகப் போடுகிறேன், அடிமரத்தை ஒட்டாமல்.

*

மேலே எழுதியவர் சொன்னதோடு குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டம் சரிவின் அடியில் இருக்கிறது. காற்றே அசையாது, ஆனால் இரவில் குளிர்காற்று இறங்கி வந்து அங்கேயே தேங்கிவிடும். இலையில்லாமல் தூங்கும் மரம் நல்ல குளிரையும் தாங்கும்; வசந்தத்தில் விட்ட புதுத்தளிர் ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். உறைந்த தளிர்மேல் விடிந்ததும் வெயில் பட்டால் சேதம் இன்னும் கூடும்.

அதனால் நாங்கள் எடுத்தது 'கிரிம்சன் குயின்'. வெட்டு வெட்டான இலை, கிளைகள் கீழ்நோக்கித் தழையும், மெதுவாகத்தான் வளரும். தொட்டியில் இருப்பதால் பனி அறிவிப்பு வந்தால் கூரையடிக்கு நகர்த்திவிடலாம். ஒன்று, தொட்டி மண் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் தண்ணீரை மறக்கவே கூடாது.

*

எங்களுடையது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள இடம். பார்த்தால் ஒதுக்கமாகத் தெரியும், ஆனால் சந்தில் நுழைகிற காற்றுக்கு வேகம் கூடிவிடுகிறது. வாங்குவதற்கு முன் குச்சிகளில் நாடா கட்டி இங்கொன்றும் அங்கொன்றுமாக நட்டுப் பார்த்தோம். எங்கே நாடா துடிக்கிறது, எங்கே சும்மா தொங்குகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இதை எல்லோருக்கும் சொல்வேன்.

நாடா அடங்கிய இடத்தில் 'சாங்கோகாக்கு' வைத்தோம். இலை உதிர்ந்த பிறகு இளங்கிளைகள் பவளச் சிவப்பில் நிற்கும். ஜன்னலிலிருந்து பார்க்கிற மாதிரி நட்டால் குளிர்காலமும் வெறுமையாக இருக்காது.

நர்சரியில் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடிமரத்தையும் பாருங்கள். பெயருள்ள ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளைக்கும் தளிர் வேர்ச்செடியுடையது, அதாவது ரகத்தை ஒட்டவைத்த அடிச்செடியுடையது. அதை அவ்வப்போது எடுத்துவிடாவிட்டால் அதுவே மேலே வந்துவிடும். நடும்போது வேர்க்கட்டியின் மேல்பகுதி மண்மட்டத்தோடு இருக்கட்டும். கவாத்து செய்வதென்றால் இலையுதிர்காலக் கடைசியிலிருந்து நடுக்குளிர்காலத்துக்குள் முடித்துவிடுங்கள். வசந்தம் நெருங்கியபின் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு வடிந்துகொண்டே இருக்கும்.