யாரும் சீண்டாத காரை ஏன் விரும்பி வாங்குகிறோம்? உங்கள் அனுபவம் என்ன?

காட்பாடியிலிருந்து:

என்னிடம் இருப்பது மஞ்சள் நிற டாடா நானோ. பழையதாகத் தேடிப் பிடித்து வாங்கினேன். "கல்யாண மண்டபத்துல இதுல போய் இறங்கினா நாலு பேர் என்னப்பா நினைப்பாங்க?" என்று மாமா இன்னும் கேட்கிறார். 2009-ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்ற பெயரோடு வந்ததே அதற்கு எமனாகிவிட்டது. மலிவு என்று பேர் எடுத்த காரை வாசலில் நிறுத்த நம் ஆட்களுக்கு மனசு வரவில்லை.

பெட்ரோல் பங்குக்குப் போனால் வேடிக்கைதான். பையன் வண்டியைச் சுற்றிவந்து மூடியைத் தேடுவான். நான் இறங்கி முன் பானெட்டைத் தூக்குவேன். உள்ளே ஸ்டெப்னி, பக்கத்திலேயே பெட்ரோல் மூடி. "இன்ஜின் எங்கண்ணா?" பின்னாடி இருக்கிறது, 624 சிசி, இரண்டே சிலிண்டர். அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்து குனிந்து பார்ப்பார்கள். சக்கரத்துக்கு மூன்றே நட், கண்ணாடிக்கு ஒரே வைப்பர்.

கஞ்சத்தனமாகத்தான் தெரியும். ஆனால் இன்ஜினைப் பின்னால் தள்ளியதால்தான் மூன்று மீட்டர் சொச்சம் நீளத்தில் நாலு பேர் முட்டி இடிக்காமல் உட்கார முடிகிறது. என் மச்சான் ஆறடி, அவரே பின் சீட்டில் வசதியாக வருகிறார். வேலூரில் நெரிசலான லாங்கு பஜார் பக்கம் திருப்பிப் பாருங்கள், அப்போது தெரியும் அருமை. ஒவ்வொரு விசித்திரத்துக்கும் காரணம் புரியப் புரிய, நாம் அந்த வண்டியின் கட்சிக்காரர் ஆகிவிடுகிறோம். பழைய மாடலில் டிக்கி வெளியிலிருந்து திறக்காது, பின் சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். அது தொல்லைதான், சரி.

ஆற்காட்டிலிருந்து:

அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு. அப்பாவுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஊரே அம்பாசடர், ஃபியட் என்றிருந்தபோது, மெட்ராஸில் செய்த வண்டி என்பதற்காகவே வாங்கினார். பானெட்டோடு இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். அந்தக் காட்சிக்காகவே தெருப் பிள்ளைகள் கூடிவிடுவோம்.

வண்டி இன்னும் கொட்டகையில் நிற்கிறது, ஓட வைக்கப் போகிறேன். அடிச்சட்டமான சேசிஸ் தனி, பாடி தனி என்பதால், துருப்பிடித்த தகட்டை மட்டும் போல்ட் கழற்றி மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். ராணிப்பேட்டை, ஆரணி பக்கம் பழைய ஹெரால்டின் கதவு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.