உருளைக்கிழங்கு சிவக்காமல் குழைகிறது, என்ன தப்பு செய்கிறேன்?

கேள்வி: சமைக்கப் பழக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. நான்கு பேருக்கான உருளைக்கிழங்கை நறுக்கி, கழுவி, எண்ணெய் காய்ந்ததும் மொத்தமாக வாணலியில் கொட்டி உப்பும் போட்டுவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் ஈரம் விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, தீயைக் கூட்டினால் அடி பிடிக்கிறது, அப்போதும் சில துண்டுகள் உள்ளே வேகாமலே இருக்கின்றன. வீடியோவில் சொன்ன நிமிடக் கணக்கை அப்படியே பின்பற்றுகிறேன். வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை, ஆனால் தட்டில் மிச்சம் வைப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

பதில் 1: தண்ணீர்தான் காரணம். கழுவிய ஈரம், காய்க்குள் இருக்கும் ஈரம், உப்பு வெளியே இழுக்கிற ஈரம், எல்லாம் சேர்ந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். காயின் மேல்பக்கம் ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு அதைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அதனால் துணியில் ஒற்றி எடுங்கள் (எண்ணெயும் தெறிக்காது), இரண்டு தடவையாகப் பிரித்து ஒரே அடுக்காகப் பரப்புங்கள், போட்டதும் கிளறாமல் ஒரு பக்கம் சிவக்க விடுங்கள். உப்பு கடைசியில். மூடி போடுகிறீர்களா?

கேட்டவர்: ஆமாம், சீக்கிரம் வேகும் என்று மூடித்தான் வைக்கிறேன்.

பதில் 2: மூடியில் படிகிற ஆவி திரும்ப வாணலிக்குள்ளேயே சொட்டும். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி: துண்டுகளை ஒரே அளவில் நறுக்கி, உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, ஆவி அடங்கும்வரை ஆறவிட்டு அப்புறம் எண்ணெயில் போடுவேன். உள்ளே வெந்திருக்கும், உப்பும் ஏறியிருக்கும், வாணலியில் சிவக்கவைக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். நிமிடக் கணக்கை விட்டுவிடுங்கள், அவர்கள் அடுப்பும் பாத்திரமும் வேறு. முதலில் சடசடவென்று பலமாகக் கேட்கும், ஈரம் குறையக் குறைய சத்தம் தணியும், அதைக் கவனியுங்கள்.

கேட்டவர்: நேற்று இப்படியே செய்தேன், முதல் தடவையாகப் பொன்னிறமாக வந்தது! ஆனால் கூடவே போட்ட பூண்டு கருகிக் கசந்துவிட்டது.

பதில் 1: பொடியாக நறுக்கிய பூண்டு சீக்கிரம் கருகும். கிழங்கு சிவந்தபிறகு தீயைக் குறைத்துப் போட்டு, வாசனை வந்ததும் அணைத்துவிடுங்கள்.